பருவுக்குப் பேஸ்ட்டா, ஐஸா, ஜெல்லா?

பரு மேல் பேஸ்ட் வைத்துப் படுத்தவர்கள் சொல்வதில் பொய் இல்லை. காலையில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் பரு காய்ந்து கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும். அதனால்தான் இந்த வைத்தியம் ஹாஸ்டல் ஹாஸ்டலாகக் கைமாறி வருகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு மெடிக்கல் மூடியிருக்கும். பேஸ்ட் டியூப் மட்டும் பாத்ரூமில் எப்போதும் இருக்கும். செலவும் இல்லை, யாரிடமும் போய்க் கேட்கிற கூச்சமும் இல்லை.

ஆனால் பேஸ்ட்டை மற்ற வழிகளோடு ஒப்பிடும்போது 'எது சீக்கிரம் அமுக்கும்' என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சாதாரணப் பரு எதுவும் போடாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். நம் மாநிற, கருநிறத் தோலில் தொந்தரவு அதற்குப் பிறகுதான். பரு இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் தடம் உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் போகாமல் நிற்கும். தோலில் எங்கே எரிச்சலோ வீக்கமோ வந்தாலும் அங்கே நிறமி கூடுதலாகச் சுரப்பது நம் தோலின் குணம். ஆகவே எந்த வழி குறைவாகத் தடம் விடும் என்ற கணக்கில்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் பேஸ்ட். டியூபைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்துப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் அல்லது சிலிக்கா இருக்கும். இது பல்லைத் தேய்த்து அழுக்கை எடுக்கும் பொடி. பருவின் மேல் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக் காய்ந்துபோகிறது. காலையில் 'பரு காய்ந்துவிட்டது' என்று நமக்குத் தோன்றுவதில் பாதி இந்த வேலை. அடுத்து நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட். தோல் ஆராய்ச்சியில், வேண்டுமென்றே ஒரு இடத்தில் எரிச்சலை உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்றால் வழக்கமாக எடுத்துப் பூசுவது இதைத்தான். பல் துலக்கும்போது இரண்டு நிமிஷத்தில் துப்பிவிடுகிறோம். முகத்தில் எட்டு மணி நேரம் விட்டுவைக்கிறோம். இது போக ஃப்ளூரைடு, புதினா எண்ணெய், மென்தால். சிலவற்றில் கிராம்பு, பட்டை. வெண்மைக்கான பேஸ்ட் என்றால் சிலவற்றில் பெராக்சைடும் இருக்கும்.

வைத்தவுடன் ஜில்லென்று இருக்கிறதே, அது மென்தாலின் கைவேலை. தோலில் குளிரை உணரும் நரம்பை அது தட்டிவிடுகிறது. வீக்கத்தின் சூடு ஒன்றும் குறைவதில்லை. ஏதோ வேலை செய்கிறது என்ற நம்பிக்கை மட்டும் வந்துவிடுகிறது. அதோடு நாம் பேஸ்ட்டைத் தேடுவது எப்போது? பரு உச்சத்தில் நிற்கும் நாளில். அதற்கு மறுநாளிலிருந்து அது எப்படியும் இறங்கத்தான் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், பெயர் பேஸ்ட்டுக்குப் போகிறது.

போகட்டும், கெடுதல் இல்லையென்றால் வைத்துக்கொண்டு போகலாமே என்றால், கெடுதல் இருக்கிறது. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும். அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் சுமார் 5. பல பேஸ்ட்டுகள் காரத்தன்மை உள்ளவை. அந்த வித்தியாசமும் நுரைப்பொருளும் சேர்ந்து தோலின் மேல்காப்பைக் குலைக்கும்போது பருவைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து, இரண்டு நாளில் செதில் செதிலாக உரியும். உரிந்த இடம் எப்படி ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். கடலைப்பருப்பு அளவுப் பருவுக்கு அதைவிட நாலு மடங்கு அகலமான கறுப்புத் தடம் கிடைப்பது நல்ல வியாபாரமாக எனக்குப் படவில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வாயைச் சுற்றியும் மூக்கின் ஓரத்திலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிப்பாக ஒன்று வரும். பார்த்தால் பரு மாதிரியே இருக்கும், பரு இல்லை. ஃப்ளூரைடு பேஸ்ட், பட்டை வாசனை சேர்த்த பேஸ்ட் எல்லாம் அதைக் கிளப்பிவிடக்கூடியவை என்ற சந்தேகம் தோல் மருத்துவர்களுக்கு நெடுநாளாக உண்டு. அதையே பரு என்று நினைத்து அதன் மேலேயே பேஸ்ட்டைப் பூசினால் எங்கே போய் முடியும்?

முன்பு சில பேஸ்ட்டுகளில் ட்ரைக்ளோசான் என்ற கிருமிநாசினி இருந்தது. 'பேஸ்ட் பருக்கிருமியைக் கொல்லும்' என்ற பேச்சுக்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கைகழுவும் சோப்புகளில் அது கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-ல் முடிவு செய்தது. பிறகு பெரும்பாலான பேஸ்ட்டுகளிலிருந்தும் மெல்ல மெல்ல விலகிவிட்டது. ஆகவே அந்தச் சாக்கும் இப்போது இல்லை. (அடுப்பில் கை சுட்டுக்கொண்டால் பேஸ்ட் தடவும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிட்டால் நல்லது. சுட்ட கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுவதுதான் முதல் உதவி. பேஸ்ட் உள்ளே சூட்டைத் தேக்கிவைக்கும், அப்புறம் ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது உயிர் போகும்.)

மற்ற வழிகளைப் பார்க்குமுன், பரு எப்படி வருகிறது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். முடித்துளையில் எண்ணெய் கூடுகிறது. துளையின் உள்சுவரில் உதிர வேண்டிய செத்த செல்கள் உதிராமல் வாயை அடைக்கின்றன. உள்ளே வழக்கமாகவே குடியிருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது, உடம்பு அதை எதிர்த்து வீங்குகிறது. இன்று வெளியே தெரியும் பருவுக்கான அடைப்பு சில வாரங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கியிருக்கும். வந்த பருவின் மேல் மட்டும் எதையாவது வைத்துக்கொண்டிருந்தால், வரிசையில் நிற்கும் அடுத்த பரு தன் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

சமையலறை வைத்தியங்களை ஒரே கூடையில் போட முடியாது. ஐஸ் நல்லது. சுத்தமான துணியில் சுற்றி ஒரு நிமிஷம் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தால் வலியும் வீக்கமும் இறங்கும், தடம் விடாது. ஐஸ் கட்டியை நேராகத் தோலில் அழுத்திப் பிடித்தால் மட்டும் வம்பு. சந்தனம், மஞ்சள் விஷயத்தில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. மஞ்சளின் குர்க்குமின் வீக்கத்தைக் குறைக்கும் தன்மை உள்ளதுதான். ஆனால் அரைத்துப் பூசும் மஞ்சளில் அது எவ்வளவு துளைக்குள் இறங்குகிறது என்பது வேறு பேச்சு. கடையில் விற்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பது அதையும் தாண்டிய பேச்சு. கல்லில் உரசிய சந்தனத்தை வைத்து அரை மணியில் கழுவினால் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. பெரிய பலனையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எலுமிச்சையை மட்டும் முகத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் சாறு தோலின் அமிலத்தன்மையைவிடப் பல நூறு மடங்கு கடுமை. அதோடு அதிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். சுட்ட இடம் கருகருவென்று ஆகிவிடும். சாற்றைத் தடவிக்கொண்டு நம் ஊர் வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்றால், போக்க நினைத்த கறுப்பைக் காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டு வரலாம். வீட்டுப் பொருள்களில் பேஸ்ட்டுக்கும் கீழே நான் வைப்பது இது ஒன்றைத்தான்.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை, சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே. நெற்றியில், முடி தொடங்கும் இடத்தை ஒட்டி மட்டும் சின்னச் சின்னதாகப் பரு வருகிறவர்கள், மருந்து தேடுமுன் தலைக்கு வைக்கும் எண்ணெயைப் பாருங்கள். அது நெற்றியில் வழிந்து துளையை அடைக்கும். பின்னலின் நுனி வரை எண்ணெய் வைத்துக்கொள்ளலாம். நெற்றியில் வழியவிடாமல் பார்த்துக்கொண்டாலே சிலருக்குப் பாதிப் பரு குறைந்துவிடும்.

தேயிலை மர எண்ணெய் (டீ ட்ரீ ஆயில்) என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீதத் தேயிலை மர எண்ணெய் ஜெல்லையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவாக இருந்தது. ஆனால் அது 5 சதவீத ஜெல். கலக்காத எண்ணெயைச் சொட்டு மருந்து மாதிரி முகத்தில் விட்டால் ஒவ்வாமை வந்து முகம் வீங்கலாம்.

இனி அவசரக் கேஸ். ஹாஸ்டலில் படிக்கும் என் அக்கா மகள் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போன் செய்தாள்.

"சித்தி, ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்டோட அக்கா கல்யாணம். மூக்குக்குப் பக்கத்துல பெருசா ஒண்ணு வந்து நிக்குது. பேஸ்ட் வைக்கட்டுமா?"

"வேண்டாம்டி. கையை எடு மொதல்ல. ஐஸ் கிடைக்குமா?"

"ஹாஸ்டல்ல ஐஸுக்கு எங்க போறது?"

"மெஸ் அக்காகிட்ட கேளு, ஃப்ரிட்ஜ் இருக்கும்ல. நாளைக்கு மெடிக்கல்ல பிம்பிள் பேட்ச் இருக்கான்னு கேட்டுப் பாரு."

பேட்ச் என்பது ஹைட்ரோகொலாய்டு என்ற பொருளில் செய்த சின்ன வட்டம். புண்ணுக்குப் போடும் கட்டுகளில் நெடுநாளாகப் பயன்படும் அதே பொருள்தான். சீழ் கோத்து வெள்ளைமுனை தெரியும் பருவின் மேல் ராத்திரி ஒட்டினால் கசிவை உறிஞ்சிக்கொண்டு காலையில் வட்டம் வெள்ளையாக உப்பியிருக்கும். அதைவிட முக்கியமான உபயோகம், விரல் அங்கே போக முடியாது. பருவால் வரும் தடத்தில் எத்தனையோ பங்கு நம் நகத்தின் உபயம். நகத்துக்குப் பூட்டு போடுவதாலேயே பேட்ச் எனக்குப் பிடிக்கும். ஆழத்தில், முனை இல்லாமல், தொட்டாலே வலிக்கிற கட்டிக்கு அது உதவாது. அதற்குத் தோல் மருத்துவர் நீர்த்த ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) ஊசியைக் கட்டிக்குள்ளேயே போடுவார், இரண்டு மூன்று நாளில் அமுங்கும். கல்யாணப் பெண்ணுக்கே வந்தால் அந்தச் செலவு தகும். ஃப்ரெண்டின் அக்கா கல்யாணத்துக்கு ஐஸும் கன்சீலரும் போதும்.

பரு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஒருநாள் வைத்தியத்தை மறந்துவிட்டு மருந்துக்கு வர வேண்டும். இந்த இடத்தில் என் ஓட்டு பென்சாயில் பெராக்சைடுக்கு. அது துளைக்குள் ஆக்சிஜனை விடுவித்துப் பருக்கிருமியைக் கொல்கிறது. அந்தக் கிருமிக்கு ஆக்சிஜன் ஆகாது. ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகிப்போவது மாதிரி இதற்குக் கிருமி பழகிக்கொள்வதில்லை. 2.5, 5, 10 என்று மூன்று அளவில் வரும். பத்து வாங்கினால் நாலு மடங்கு சீக்கிரம் போகும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 2.5-ம் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது, எரிச்சல் மட்டும் குறைவு என்று 1980-களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நம் தோலுக்கு எரிச்சல் குறைவு என்றால் தடம் குறைவு, ஆகவே 2.5.

முகத்தைக் கழுவி, நன்றாக உலர்ந்தபின், பட்டாணி அளவு எடுத்துப் பரு வரும் பகுதி முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். வந்த பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதல்ல இதன் முறை. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். காய்ந்து இழுத்தால் மேலே சாதாரண மாய்ஸ்சரைசர். ஆறு, எட்டு வாரம் பொறுக்க வேண்டும். இதன் ஒரே பெரிய தொந்தரவு துணி. தலையணை உறை, டவல், சுடிதார் காலர் எல்லாம் பட்ட இடத்தில் நிறம் வெளுத்துப்போகும். வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள், அம்மாவின் பட்டுப் புடவைப் பக்கம் போகாதீர்கள். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு. காதுக்குப் பின்னால் இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வரலாம். வாங்குமுன் மருத்துவரையோ பார்மசிஸ்ட்டையோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சாலிசிலிக் அமிலம் இதைவிட மென்மையானது, பலனும் அதற்கேற்ற அளவுதான். எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். கரும்புள்ளி, வெண்புள்ளி (பிளாக்ஹெட், வைட்ஹெட்) அதிகம் உள்ளவர்களுக்கு ஏற்றது. ஃபேஸ்வாஷாக வாங்கி அரை நிமிஷத்தில் கழுவிவிட்டால் பலன் குறைவு. விட்டுவைக்கும் சீரமாக, 2 சதவீதத்துக்கு மேல் போகாமல் வாங்கலாம்.

அடாப்பலீன் ஜெல் துளையில் அடைப்பு உண்டாவதையே தடுக்கிறது. வரிசையில் நிற்கும் பருவைத் தொடும் மருந்து என்றால் இதுதான், பழைய தடத்தையும் மெல்ல மங்கச் செய்யும். அமெரிக்காவில் 0.1 சதவீத ஜெல்லை 2016 முதல் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கிறார்கள். நம் ஊரில் மருத்துவர் எழுதித் தருவதை வாங்குவதே முறை. முதல் சில வாரம் பரு கூடுகிற மாதிரி தெரியும், பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதம் கொடுத்துப் பார்க்க வேண்டிய மருந்து இது. ராத்திரி மட்டும் போட வேண்டும், பகலில் சன்ஸ்கிரீன் வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும், அதற்குத் திட்டமிடுபவர்களும் தொடக் கூடாது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அழுத்தமாகப் பரிந்துரைக்கும் பூச்சு மருந்துகளில் பென்சாயில் பெராக்சைடும் அடாப்பலீன் சேர்ந்த ரெட்டினாய்டு குடும்பமும் (வைட்டமின் ஏ வகை மருந்துகள்) உண்டு. கிளிண்டாமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாகப் போடாதீர்கள் என்றும் அது சொல்கிறது. நம் மெடிக்கல்களில் 'பரு ஜெல்' என்று கேட்டால் பல நேரம் கையில் கிடைப்பது அந்தத் தனி ஜெல்தான்.

கிடைப்பது அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. "அண்ணே, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்தீங்களே, முகத்துக்குப் போடுற க்ரீம், அது ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிப்போகும் டியூபைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. எந்த ஒப்பீட்டிலும் ஜெயித்துவிடும் க்ரீம் அது. இரண்டே நாளில் சிவப்பு போகும், பரு அமுங்கும், முகம் வெளுத்துப் பளபளக்கும். அதனால்தான் ஆபத்து. வாரங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் கோடு கோடாகத் தெரியும். பரு முன்பைவிடக் கொத்தாக வரும், நிறுத்தினால் முகம் எரியும், எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே டியூபுக்கே ஓட வேண்டியிருக்கும். இப்படிக் கெட்டுப்போன முகத்துக்கென்று இந்தியத் தோல் மருத்துவர்கள் தனியாக ஒரு நோய்ப்பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இந்த வகைப் பூச்சு மருந்துகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் விற்பனை நின்றுவிட்டதா என்பதை உங்கள் தெருமுனைக் கடையில் பார்த்தால் தெரியும். இந்தக் க்ரீமா, பேஸ்ட்டா என்று யாராவது என்னை நிறுத்திக் கேட்டால், தாராளமாகப் பேஸ்ட்டே வையுங்கள் என்பேன்.

மாதவிடாய் முறை தவறிக்கொண்டே தாடையோரம் பரு வருகிறவர்கள், மோவாயில் முடியும் கூடினால், பூச்சு மருந்தோடு நிற்காமல் ஹார்மோன் பரிசோதனைக்குப் போக வேண்டும். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் பொரிப்பொரியாக வந்து அரித்தால் அது ஈஸ்ட் வகைப் பூஞ்சையாக இருக்கலாம், மேலே சொன்ன எதற்கும் சரியாக அடங்காது. வலிக்கும் கட்டி, பள்ளம் விழத் தொடங்கிய கன்னம், மூன்று மாதம் மருந்து போட்டும் குறையாத பரு, இவையெல்லாம் மருத்துவரிடம் போக வேண்டியவை. பள்ளம் விழுந்த பிறகு அதை நிரப்பும் செலவு பரு வைத்தியத்தைப் போலப் பல மடங்கு. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை. காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

போகும்போது இதுவரை முகத்தில் போட்ட எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்; பெயரைச் சொல்லத் தெரியாவிட்டாலும் அவர் படித்துக்கொள்வார். பேஸ்ட் வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டார்கள். வாயைச் சுற்றி இருப்பது பருவா, பேஸ்ட் கிளப்பிய பொரிப்பா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அந்த ஒரு தகவல் வேண்டும்.